தம்பியையும் தங்கச்சியையும் மெட்டாலிக்கா பார்க்கக் கூட்டிச் சென்றது

மெட்டாலிக்கா முதன்முறையாக இந்தியாவுக்கு வருகிறது என்ற செய்தி 2011ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்களை எட்டியபோது, போவதா விடுவதா என்பதைவிட, மூவரும் சேர்ந்து போவது எப்படி என்பதையே நான் முதலில் யோசித்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. ரியூட்டரிகளில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தம்பி அந்த ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். தங்கச்சி அப்போதுதான் உயர்தர வகுப்பில் சேர்ந்திருந்தாள். வயதில் அவர்களுக்கும் எனக்கும் ஒரு தலைமுறைக்குக் கிட்டிய இடைவெளி இருந்தாலும், அந்த அமெரிக்க இசைக்குழு எங்கள் மூவருக்கும் பொதுவானதாக இருந்தது. அதை அவர்களுக்குப் பழக்கியவளும் நான்தான். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போய் அந்த மேடையின் முன் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

அந்த இசை எங்கள் வீட்டுக்குள் வந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக இயலாது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோன பிறகு, பாட்டுக் கேட்பது உடல் உழைப்போடு சேர்ந்த காரியமாயிற்று. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. எனவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லோடு டைனமோவை உரசவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அதில் பிறக்கும் மின்சாரத்தில் ரேப் ரெக்கோடர் ஓடும். பெரியம்மாவின் மகன், கொழும்பிலிருந்து கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்தவர், தன் பையில் கறுப்பு அட்டை போட்ட ஒரு கசெற்றையும் கொண்டுவந்திருந்தார். அது 1991 ஓகஸ்டில் வெளியான, இசைக்குழுவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தொகுப்பு. பெடல் சுற்றுபவரின் கை தளரும்போது பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் குரல் இழுபட்டுத் தாழ்ந்துபோகும். வேகம் பிடித்ததும் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அந்தப் பாடல்களின் உண்மையான வேகம் என்னவென்று எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே தெரிந்தது.

வேகம் மட்டுமன்று, அவற்றின் உண்மையான சத்தமும் எங்களுக்குத் தெரியாது. குண்டுபோடும் பொம்மர் விமானம் வரும் ஓசை காதில் விழாமல் போய்விடும் என்று அப்பா ஒருபோதும் ஒலியைக் கூட்ட விட்டதில்லை. பெரும் சத்தத்துக்கென்றே ஆக்கப்பட்ட இசையை, ரேப் ரெக்கோடரின் ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்து, ஒரு காதால் பாட்டையும் மறு காதால் வானத்தையும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு இறுவட்டுகள் தாராளமாக வந்தன. அப்போது தம்பிக்குப் பத்து வயது, தங்கச்சிக்கு எட்டு. அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டு, இரவுகள் ஊரடங்குச் சட்டத்துக்குள் வந்தபோது, அவர்களும் என்னைப் போலவே மெதுவாகக் கேட்கப் பழகினார்கள். ஒரு சோடிக் காதொலிப்பானின் ஒரு பக்கம் அவனுக்கு, மறு பக்கம் அவளுக்கு. வெளியே நாய் குரைத்தால் அதையும் கழற்றிவிட்டு, ஒழுங்கையில் யார் நடக்கிறார்கள் என்று செவிகொடுக்க வேண்டியிருந்தது. 2008இல் அந்த இசைக்குழுவின் ஒன்பதாவது தொகுப்பு வெளியானபோது அதையும் அவர்கள் இப்படித்தான் முழுமையாகக் கேட்டார்கள். தங்கச்சியின் வாழ்வில் உரத்த சத்தம் என்றால் அது ஷெல், அல்லது கிபிர்ப் போர்விமானம், அல்லது கிளைமோர்க் கண்ணிவெடி. ஏராளமான சனம் ஓரிடத்தில் கூடியிருக்கிறது என்றால் அது ஒன்றில் கோயில் திருவிழா, அல்லது எங்கோ இருந்து எங்கோ ஓடுகின்ற கூட்டம். அஞ்ச வேண்டிய தேவையில்லாத ஒரு பெரும் சத்தத்தை, ஓட வேண்டிய தேவையில்லாத ஒரு பெரும் கூட்டத்தின் நடுவில் நின்று, இந்தப் பிள்ளைகள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று நான் விரும்பினேன். நான் மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு முழுவதையும் அந்தப் பயணத்தில் போட்டதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

நிகழ்ச்சி பெங்களூர் அரண்மனை மைதானத்தில், ஒக்டோபர் 30ஆம் திகதி. நுழைவுச்சீட்டை அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியை மட்டும் இரண்டாம் தரமும் வாசித்தார். யாழ்ப்பாணத்தில் அந்தத் திகதியை விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவுதான் வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்குத் தப்ப வீடுகளைப் பூட்டிக்கொண்டு, குடாநாட்டின் மறுபுறமான தென்மராட்சிக்கு நடந்தது. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் தாண்ட எங்களுக்கு அந்த இரவு முழுவதும் போதவில்லை. மழை பெய்தது. தாகத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தவர்களை நான் பார்த்தேன். மூன்று வயதுத் தம்பி சைக்கிள் பாரில், மூட்டைகளுக்கு நடுவே இருந்தான். ஒரு வயதுத் தங்கச்சி அம்மாவின் தோளில். அப்பா சைக்கிளை உருட்ட, கூட்டத்தில் பிள்ளை நழுவிவிடாதபடி தம்பியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியது என் பொறுப்பு. அம்மா களைத்த இடங்களில் தங்கச்சியையும் நான் தூக்கினேன்.

அப்பா நுழைவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: “அண்டைக்கும் நீதான் ரெண்டு பேரையும் விடாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனீ. இதுக்கும் நீதான் பிடிச்சுக்கொண்டு போகவேணும்.” சம்மதம் தருவதற்கு அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அம்மாவின் சம்மதம் அவ்வளவு எளிதாக வரவில்லை. கந்தசஷ்டி விரத நாள்களில் பிள்ளைகள் கடல் கடந்து போய் இராக் கூத்துப் பார்ப்பதா என்பது ஒரு கவலை. பெடியள் முட்டி மோதும் இடத்துக்குக் குமர்ப்பிள்ளையைக் கொண்டுபோவதா என்பது இன்னொன்று. இரண்டாவது கவலை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. எங்கே நிற்போம், எப்படி வெளியே வருவோம், தொலைபேசி வேலைசெய்யாமல் போனால் எங்கே சந்திப்போம் என்பதையெல்லாம் மைதானத்தின் படத்தை வரைந்து காட்டி அவருக்கு விளக்கினேன். அக்காமாரும் அண்ணாமாரும் இதை வாசித்தால், பெற்றோருக்கு இவ்வாறு விளக்குவதை நேரவிரயமாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கும்போதே பாதித் திட்டம் நமக்குள்ளும் தெளிவாகிவிடுகிறது. கடைசியில் அம்மா பயற்றம் பணியாரமும் ஒரு சரை திருநீறும் கட்டித் தந்தார்.

நான் இன்னோர் ஆயத்தமும் செய்ய வேண்டியிருந்தது. 1988இல் வெளியான நான்காவது தொகுப்பில் ‘வன்’ என்றொரு பாடல் இருக்கிறது. டோல்ற்றன் ட்ரம்போ 1939இல் வெளியிட்ட ஒரு போர் எதிர்ப்பு நாவலின் கருவிலிருந்து பிறந்தது அது. கை, கால், கண், காது, பேச்சு அனைத்தையும் இழந்த ஒரு போர்வீரன், உயிரும் நினைவும் மட்டும் எஞ்சிய உடலுக்குள் அடைபட்டுக் கிடந்து சாவைக் கேட்கிறான். நாவலில் அவனைச் சிதைப்பது ஷெல், பாடலில் கண்ணிவெடி. எங்கள் ஒழுங்கையிலேயே ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடுகிற ஒருவர் இருந்தார். ஆகையால் அந்தப் பாடலின் பொருளைத் தம்பிக்கும் தங்கச்சிக்கும் நான் ஒருபோதும் விரித்துரைக்க நேரவில்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது வேறொன்று. மேடையில் அந்தப் பாடலுக்கு முன்னால் விளக்குகளை அணைத்துவிட்டு, இயந்திரத் துப்பாக்கியும் ஷெல் வெடிப்பும் ஹெலியின் இரைச்சலும் கலந்த போர்க்கள ஒலியைப் பெரும் ஒலிபெருக்கிகளில் விடுவார்கள். கூடவே தீப்பிழம்பும் வெடியும் எழும். அறியாமல் நின்றால் எங்கள் உடம்பு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே முந்தைய கச்சேரிகளின் காணொளிகளைப் போட்டுக் காட்டி, இருள் வந்தால் என்ன வரும், அது எவ்வளவு நேரம் நீளும், எந்தக் கிற்றார் ஒலியோடு முடியும் என்பதை அவர்களுக்கு நன்றாகப் பழக்கினேன். வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். இருவரும் மறுத்துவிட்டார்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. அப்போது யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் இல்லை. இரவு பஸ்ஸில், ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொழும்பு, கட்டுநாயக்கவிலிருந்து சென்னை, வளசரவாக்கத்தில் சொந்தக்காரர் வீடு, அங்கிருந்து ரயிலில் பெங்களூர். சென்னையில் தங்கியிருந்தபோதுதான் நெஞ்சை உலுக்கிய செய்தி வந்தது. டில்லிக்கு அருகே குர்கானில் 28ஆம் திகதி நடக்க இருந்த முதலாவது கச்சேரி கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. காத்திருந்த கூட்டம் ஆத்திரத்தில் தடுப்புகளைத் தாண்டி மேடைப் பொருள்களை உடைத்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். திரும்பி வரச் சொல்லவில்லை. “அங்கயும் அப்பிடி நடந்தால் என்ன செய்வாய்?” என்று மட்டும் கேட்டார். முன்வரிசைக்குப் போக மாட்டோம், வெளிவாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை விட்டு நகர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன், அதைக் காப்பாற்றினேன்.

முன்வரிசைக்குப் போகாமல் இருப்பது இழப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. மைதானக் கச்சேரிகளில் மேடைக்கு நேரெதிரே, கூட்டத்தின் நடுவில், ஒலியைக் கலந்து சீர்செய்பவர்களுக்கென்று ஒரு மேடை கட்டியிருப்பார்கள். அவர்கள் தங்கள் காதில் விழுவதை வைத்தே ஒலியைச் சமப்படுத்துகிறார்கள் என்பதால், மைதானத்திலேயே நல்ல ஒலி அந்த இடத்தில்தான் கிடைக்கும். அதைச் சுற்றி இரும்புத் தடுப்பும் இருக்கும். முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், பின்னால் இருந்து தள்ளுவதற்கும் எவரும் இல்லை. இளையவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தங்கச்சியைத் தடுப்போடு நிறுத்தி, ஒரு புறம் நானும் மறு புறம் தம்பியும் நின்றோம். சென்னையில் வாங்கிய பஞ்சு போன்ற காதடைப்பான்களை மூவரும் போட்டுக்கொண்டோம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இத்தகைய இடங்களின் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமே பின்னர் 2022இல் வரையறை வகுத்தது. பெரிய கச்சேரிகளில் மேடைக்கு அருகே அந்த அளவை எட்டுவது அரிதன்று. அடைப்பான் போட்டால் இசை சற்று மங்கினாலும், உறுத்தும் கூர்மை குறைகிறது.

மழையில் நனைந்த நிலம் ஏற்கெனவே சேறாகியிருந்தது. எங்கு பார்த்தாலும் கறுப்புச் சட்டைகள். கேரளத்திலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வந்தவர்கள், குர்கானில் ஏமாந்து அப்படியே தெற்கே புறப்பட்டு வந்தவர்கள் என்று பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் ஒரு பயணக் கதை இருந்தது. எங்களுடைய பேச்சைக் கேட்டு மதுரைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் எந்த ஊர் என்று கேட்டான். யாழ்ப்பாணம் என்றதும் என்ன சொல்வதென்று தெரியாமல் தன் தண்ணீர்ப் போத்தலைத் தங்கச்சியிடம் நீட்டினான்.

பிறகு விளக்குகள் அணைந்தன. என்னியோ மொரிக்கோனே 1966ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக அமைத்த இசை ஒலிபெருக்கிகளில் எழுந்தது. 1983இலிருந்து மெட்டாலிக்காவின் கச்சேரிகள் அந்த இசையோடுதான் தொடங்குகின்றன. அதைக் கேட்டுக்கொண்டே பல்லாயிரம் பேர் ஒரே குரலில் அந்த மெட்டைப் பாடினார்கள். அதற்குச் சொற்கள் இல்லாததால் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. ட்ரம் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச்சின் முதல் அடி விழுந்தபோது அது காதுக்குள் நுழைவதற்கு முன் நெஞ்செலும்பில் இறங்கியது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பத்து வயதிலிருந்து தெரிந்த பாடல்கள். ஆனாலும் அவற்றுக்கு இப்படி ஓர் எடை உண்டு என்பதை அவனும் நானும் அன்றுதான் ஒன்றாக அறிந்தோம்.

அவன் சிறுவயதிலிருந்து மிருதங்கம் பழகியவன். 1986இல் வெளியான ‘மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ்’ பாடலில் கிற்றார் வரி மூன்று சுற்று முழுமையாக வந்து, நான்காவது சுற்றில் நிரம்பாமலே வெட்டுப்பட்டு முதலுக்குத் திரும்பிவிடும். வீட்டில் அவன் அதைத் தொடையில் தட்டித் தட்டி, ஆவர்த்தனம் எங்கே குறைகிறது என்று எனக்குக் காட்டியதுண்டு. அன்று அவ்வளவு பெரிய கூட்டமும் அந்தக் குறைந்த சுற்றில் ஒருவர்கூடப் பிசகாமல் தலையசைத்ததைக் கண்டு அவன் பரவசப்பட்டான். கணக்குத் தெரியாதவர்களுக்கும் கணக்கு உடம்பில் ஏறியிருக்கிறது என்று பின்னர் எனக்குச் சொன்னான். மற்ற நேரமெல்லாம் அவனுடைய கண் றொபேட் ட்ரூஹியோவிலேயே இருந்தது. பேஸ் கிற்றாரை முழங்கால் வரை தாழ்த்திக்கொண்டு, நண்டு நடை நடந்தபடி, தந்தியை மீட்டும் வில்லையைப் பிடிக்காமல் விரல்களாலேயே வாசிக்கிறார் அவர். 1986 செப்டெம்பரில் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் இறந்துபோன, குழுவின் முன்னைய பேஸ் கலைஞர் கிளிஃப் பேர்ட்டனும் விரல்களால் வாசித்தவர்தான். தம்பி இந்த விவரங்களையெல்லாம் பாடல்களுக்கு நடுவே என் காதடைப்பானைத் தாண்டிக் கத்திக்கொண்டேயிருந்தான்.

இதற்கிடையில் அந்த இருளும் வந்தது. நான் சொல்லிவைத்தபடியே முதலில் தொலைவில் ஒரு முழக்கம், அதன்பின் தொடர்ச்சியான துப்பாக்கி வேட்டு, பிறகு அடுத்தடுத்து வெடிப்புகள். தீப்பிழம்பின் வெப்பம் நாங்கள் நின்ற இடம் வரையும் முகத்தில் பட்டது. தங்கச்சியின் கை என் மணிக்கட்டைப் பற்றியது. அவளது நகம் பதிந்த வலியை இன்றும் என்னால் நினைவுகூர முடியும். தம்பி அவளுக்கு முன்னால் அரை அடி நகர்ந்து நின்றான். யோசித்து நகர்ந்தானா, தானாக நகர்ந்தானா என்று நான் கேட்டதில்லை. வேட்டொலி ஓய்ந்த இடத்தில், ஒற்றைக் கிற்றாரின் மென்மையான அந்த வரி தொடங்கியது. உடனே கூட்டம் முழுவதும் ஆரவாரம் செய்தது. தங்கச்சி பிடியை விடாமலே தலையைத் திருப்பி, தன்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாடலின் பிற்பகுதியில் உல்ரிச்சின் கால்கள் இரட்டை ட்ரம்மில் இயந்திரத் துப்பாக்கியைப் போலப் பொழியத் தொடங்கியபோது, எல்லோரையும் போல அவளும் கையை உயர்த்திவிட்டாள்.

அதன்பின் பாடல்கள் எப்படிப் போயின என்பதை வரிசையாக எழுத எனக்கு விருப்பமில்லை. ‘நத்திங் எல்ஸ் மாற்றேர்ஸ்’ பாடலின்போது மூவரும் சேர்ந்து பாடினோம். ஊரடங்கு இரவுகளில் உதட்டசைவாக மட்டுமே பாடிய பாட்டு அது; தங்கச்சிக்கு இவ்வளவு நல்ல குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. கடைசிப் பாட்டுக்கு மைதானத்து விளக்குகள் அனைத்தையும் போட்டுவிட்டார்கள். இசைக்குழு எங்களையும் நாங்கள் ஒருவரையொருவரும் முழு வெளிச்சத்தில் பார்த்தோம். முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

கூட்டம் கலைவதற்காக நாங்கள் அந்தத் தடுப்போடு சாய்ந்து கொஞ்சம் பொறுத்திருந்தோம். அவசரப்பட்டு வாசலுக்கு விரைவதுதான் எந்த நிகழ்ச்சியிலும் ஆபத்தான நேரம். மேக்ரி சந்திப் பக்கம் நடக்கும்போது தங்கச்சி சொன்னாள்: “அந்தச் சத்தம் கேக்கேக்க, ஏன் ஒருத்தரும் ஓடேல்லை எண்டு யோசிச்சனான் அக்கா. பிறகுதான் விளங்கினது, இவைக்கு ஓடத் தெரியாது.” அவள் குரலில் கசப்பு இருக்கவில்லை. பொறாமையும் இல்லை. ஒரு புதிய தகவலைச் சொல்வது போலச் சொன்னாள். தம்பி அவளிடம், “நீயும் ஓடேல்லைத்தானே” என்றான். “நான் அக்காவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்” என்று அவள் பதில் சொன்னாள். விடுதிக்குப் போனதும் அப்பாவை அழைத்தேன். நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறார். மூன்று பேரும் பத்திரமா என்று கேட்டார், பத்திரம் என்றேன். தொலைபேசியைத் தங்கச்சியிடம் கொடுக்கச் சொல்லி, அவள் மூச்சுவிடாமல் சொன்ன அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி இப்போது யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறான். மிருதங்கத்தோடு பேஸ் கிற்றாரும் வாசிக்கிறான். தங்கச்சி கல்யாணம் செய்து ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். 2025 ஏப்ரல் 24ஆம், 26ஆம் திகதிகளில் மெட்டாலிக்கா அங்கே றொஜேர்ஸ் சென்ரரில் வாசித்தபோது, கணவரின் தம்பியையும் தங்கச்சியையும் அவள் கூட்டிப்போனாள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எங்கே நிற்பது என்று என்னிடம் கேட்டாள். ஒலிமேடைக்குப் பக்கத்தில் என்றேன். இந்தச் சுற்றுப்பயணத்தில் மேடை வட்டமாக, அரங்கின் நட்டநடுவில் இருக்கிறது, அதனால் அந்த உபாயம் இங்கே சரிவராது என்று பதில் எழுதினாள். இரண்டு இரவுகளிலும் ஒரு பாடலைக்கூடத் திருப்பி வாசிப்பதில்லை என்பது அந்தப் பயணத்தின் விதி. ஆகவே எந்த இரவு என்று தேர்ந்தெடுக்க மனமில்லாமல் இரண்டுக்குமே நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டாள்.